பதினெட்டு வயதும் பட்டியலில் ஒரு பெயரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

தமிழகத்தை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், யமுனைக் கரையில் அமைந்த இத்தலைநகரில், ஆண்டுக்கொரு முறை நாம் இவ்வாறு கூடுகின்றோம். இயலும் இசையும் நாடகமும் இவ்விழாவில் இடம்பெறும். பிள்ளைகள் பரிசு பெறுவர். பிறந்த ஊரை நினைத்து நம் உள்ளம் குளிரும். இத்தகைய மேடையில் தேர்தலைப் பற்றி ஒருவன் பேச வந்திருக்கின்றானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கட்சி அரசியல் பேச நான் இங்கு வரவில்லை. இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. அதனைக் கேட்கும் பொறுமையும் உங்களுக்கு இராது. பதினெட்டு வயதில் வாக்குரிமை உண்டு என்று நம் நாட்டில் சட்டம் செய்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவ்வுரிமை நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு முழுமையாக வந்து சேராதது ஏன்? இந்த ஒரு வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

தேர்தல் என்றதும் தமிழர் அனைவர்க்கும் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்க் கோயிற் சுவரில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இவ்வரலாற்றைப் பெருமையோடு பேசுகின்றோம்; பேச வேண்டியதே. எனினும் அக்கல்வெட்டில் கூறியுள்ள தகுதிகளையும் நாம் படித்தல் வேண்டும். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்க்கு இடமில்லை. எழுபதைக் கடந்தவர்க்கும் இடமில்லை. வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். பெண்டிர்க்கும் நிலமற்றோர்க்கும் அதில் பங்கில்லை. இளம்பருவத்தார்க்கு அங்கே கிடைத்த ஒரே பணி, குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்துப் பெரியவர்களிடம் கொடுப்பதுதான். அவ்வோலையில் எழுதியிருப்பது இன்னதென்று அச்சிறுவன் அறியலாகாது என்பதும் விதி!

இத்தகுதிகளுள் இரண்டை இங்கே மனத்தில் கொள்ளுங்கள். ஒன்று வயது, மற்றொன்று மனை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நின்ற அவ்விரு தடைகளுள் வயதுத் தடை நம் காலத்தில் தாழ்ந்துவிட்டது. மனைத் தடை வேறு வடிவில் இன்றும் நிற்கின்றது. அதற்கும் பின்னால், எந்தக் கல்வெட்டிலும் எழுதப்படாத மூன்றாவது தடை ஒன்றுண்டு. அது மனத்தடை. இம்மூன்றையும் முறையே காண்போம்.

முதலில் வயதைப் பற்றிச் சொல்லுகின்றேன். ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்கு என்பது சொத்துடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்கும் உரியதாயிருந்தது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டம், 326ஆம் பிரிவினால், அக்கட்டுகளையெல்லாம் ஒரே வீச்சில் அறுத்தெறிந்தது. செல்வரும் வறியரும், கற்றோரும் கல்லாதோரும், ஆடவரும் பெண்டிரும் ஒரு நிறையாயினர். எனினும் இருபத்தொரு வயது என்னும் வரம்பு நின்றது. 1875ஆம் ஆண்டின் சட்டப்படி பதினெட்டு வயது நிறைந்தவர் தம் பொருளைத் தாமே விற்கலாம், வாங்கலாம், ஒப்பந்தம் எழுதலாம். படையில் சேர்ந்து எல்லையில் உயிரையும் கொடுக்கலாம். ஆனால் அந்நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க இன்னும் மூன்று ஆண்டு பொறுத்திருக்க வேண்டும்! இம்முரண்பாட்டைப் பிரிட்டன் 1969ஆம் ஆண்டிலும் அமெரிக்கா 1971ஆம் ஆண்டிலும் சட்டத்தால் நீக்கின. நம் நாட்டில், இராஜீவ் காந்தி தலைமை அமைச்சராயிருந்த காலத்தில், 1988 டிசம்பர்த் திங்களில் அரசமைப்பின் 61ஆம் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1989 மார்ச் 28ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற மக்களவைத் தேர்தலே பதினெட்டு வயதினர் வாக்களித்த முதல் பொதுத் தேர்தலாகும். இன்றைய இளைஞர் கல்வியும் விழிப்பும் உடையவர். அவர்கள் தம் உள்ளக் கருத்தை வெளியிட வழி வேண்டும் என்பதே அத்திருத்தத்திற்கு அரசு காட்டிய காரணம்.

ஆண்டுகள் பல உருண்டோடின. 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் வந்தது. ஏறத்தாழ 97 கோடி வாக்காளர். உலகிலேயே பெரிய பட்டியல். அதில் முதன்முறை வாக்காளர் எத்தனை பேர்? ஏறத்தாழ 1.8 கோடி என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுடையோர் நாட்டில் 4.9 கோடி அளவில் இருப்பர் என்று மக்கட்கணக்கின் மதிப்பீட்டைக் கொண்டு அப்போது நாளிதழ்கள் கணக்கிட்டு எழுதின. ஐந்து பேரில் இருவர்கூடப் பட்டியலில் இல்லை என்பது இதன் பொருள். நாம் வாழும் தில்லியிலோ ஐந்தில் ஒருவர் அளவே பெயர் சேர்த்திருந்தனர். தெலங்கானாவில் மூன்றில் இருவர் சேர்ந்திருந்தனர்.

இளைஞர்க்கு அக்கறை இல்லை, கைப்பேசியே அவர்களுக்கு உலகம் என்று நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். தெலங்கானா இளைஞர் கையில் கைப்பேசி இல்லையா? அங்கே 2023 நவம்பரில் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. அதற்காகப் பட்டியல்களைச் சீர்செய்தனர். வீடு தேடிச் சென்று பெயர் சேர்த்தனர். வாசலுக்கு வந்து கேட்டால் இளைஞர் பெயர் கொடுக்கின்றனர் என்றன்றோ இதிலிருந்து தெரிகின்றது? குறை முழுவதும் இளைஞரிடத்தில் இல்லை. உரிமைக்கும் உரியவர்க்கும் இடையே ஒரு பட்டியல் நிற்கின்றது. அப்பட்டியலில் பெயர் உள்ளவரே வாக்களிக்கலாம் என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவு. வயது இருந்தாலும் பெயர் இல்லையெனில் வாக்கு இல்லை. கையில் வாக்காளர் அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் நீங்கியிருந்தால் வாக்கு இல்லை.

இப்படி உரிமை தந்த சட்டத்தைப் பட்டியல் தோற்கடித்தது நம் நாட்டில் புதிதன்று. 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலை நினைவுகூருங்கள். அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையில் 17 கோடிக்கு மேற்பட்டோரின் பெயரைத் திரட்டினார்கள். கணக்கெடுக்கச் சென்ற அலுவலர் வினவியபோது வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதச் செய்தனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று ஆணையம் உறுதியாக நின்றது. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் அத்தேர்தலில் வாக்கிழந்தனர். அரசமைப்புச் சட்டம் அவர்களுக்கு முழு உரிமை தந்திருந்தது. ஆயினும் பிறர் பெயரின் நிழலில் வாழ்ந்தவர்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. அன்று அப்பெண்கள் நின்ற இடத்தில் இன்று நம் பிள்ளைகள் நிற்கின்றனர். இன்னார் மகன், இன்னார் மகள் என்றே காலனியில் அவர்களை அறிகின்றோம். அவர்கள் பெயரைப் பட்டியலில் ஏற்ற மறந்துவிடுகின்றோம்.

இனி இரண்டாம் தடையாகிய மனைக்கு வருகின்றேன். இதுவே நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தோரைப் பெரிதும் வாட்டுவது.

வாக்குரிமை நம் நாட்டில் பிறந்த ஊரைப் பற்றியதன்று. வழக்கமாக வாழும் ஊரைப் பற்றியது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19, 20 ஆகிய பிரிவுகள் இதனைக் கூறுகின்றன. ஓர் ஊரில் ஒருவர்க்குச் சொந்த வீடு இருக்கின்றது என்னும் காரணத்தால் மட்டும் அவர் அவ்வூர்வாசி ஆகமாட்டார் என்றும் அச்சட்டமே தெளிவாகச் சொல்லுகின்றது. உத்திரமேரூரில் சொந்த மனை இல்லாதவர்க்கு இடமில்லை. இன்றோ சொந்த மனை இருந்தாலும் அங்கே வாழாதவர்க்கு இடமில்லை. இது நல்ல மாற்றமே. ஆனால் நம் காலனியில் உள்ள குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். தஞ்சையிலோ நெல்லையிலோ தாத்தாவின் வீடு பூட்டிக் கிடக்கின்றது. தந்தையின் பெயர் இன்னும் அவ்வூர்ப் பட்டியலில் இருக்கின்றது. மகனுக்குப் பதினெட்டு நிறைகின்றது. அவன் பெயரை எங்கே சேர்ப்பது? ஊரில் சேர்த்தால் ஊரோடு உறவு நிலைக்கும் என்கிறார் தாத்தா. நாளை மாற்றலாகிப் போவோம், இங்கே எதற்கு என்கிறார் தந்தை. பார்க்கலாம் என்கிறாள் தாய். பார்த்துக்கொண்டேயிருக்கும்போது தேர்தல் வருகின்றது. வேட்பு மனுத் தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் அத்தேர்தலுக்குப் பெயர் சேர்க்க இயலாது. இப்படி இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு வாக்கு மறைந்துபோகின்றது.

ஊரிலேயே பெயர் இருக்கட்டும் என்று விட்டவர்களின் நிலை என்ன? 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19ஆம் நாள் வாக்குப்பதிவு. தில்லியில் மே 25ஆம் நாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து சென்னை சேர்ந்து, அங்கிருந்து ஊர் சென்று, வாக்களித்து மீள ஒரு வாரம் வேண்டும். தேர்வெழுதும் மாணவன் இதற்குத் துணிவானா? புதிதாக வேலையிற் சேர்ந்த பெண்ணுக்கு ஒரு வாரம் விடுப்பு யார் தருவார்? படைவீரர்க்கு அஞ்சல் வாக்கு உண்டு. முதிர்ந்த வயதினர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி உண்டு. மாணவர்க்கு அவ்வழி இல்லை. வெளியூரில் வாழ்வோர் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்கும் ஓர் இயந்திரத்தைப் பற்றித் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரே சாவடியில் 72 தொகுதிகளுக்கான வாக்குகளைப் பெறும் ஆற்றல் அதற்கு உண்டு என்றது. 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்து அதனை விளக்க முற்பட்டது. பல கட்சிகள் ஐயம் எழுப்பின. 2024ஆம் ஆண்டுத் தேர்தல் அவ்வியந்திரம் இன்றியே நடந்து முடிந்தது.

இன்னொன்றும் நிகழ்ந்தது. 2025ஆம் ஆண்டில் பீகாரில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தினர். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இரட்டைப் பதிவுடையோர் ஆகியோருடன், நிலையாகக் குடிபெயர்ந்தோர் என்று கருதப்பட்டோரும் அவருள் அடங்குவர். அவ்வாண்டு நவம்பரில் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட பன்னிரண்டு பகுதிகளிலும் அதே பணி தொடங்கிற்று. அத்திருத்தம் முறையா அன்றா என்று இம்மேடையில் வழக்காட நான் வரவில்லை. பூட்டிய வீட்டை நம்பி வைத்த பெயர் என்றைக்கும் இருக்கும் என்று நாம் எண்ணுவது பொருந்தாது என்பதை மட்டும் சொல்லுகின்றேன். ஊர்ப் பட்டியலில் பெயர் நீங்கி, இங்கும் சேராதவன் குடியரசில் முகவரி இல்லாதவன் ஆகின்றான்.

பெற்றோரோடு வாழ்வோர் நிலை இதுவென்றால், தனியே வந்து தங்கும் இளைஞர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குடிமைப்பணித் தேர்வுக்குப் பயில ஆண்டுதோறும் தமிழகத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகள் இந்நகருக்கு வருகின்றனர். பழைய இராஜேந்திர நகரிலும் முகர்ஜி நகரிலும் சிறு அறைகளில் மூவரும் நால்வருமாகத் தங்குகின்றனர். வாடகையைக் கணக்காக வாங்கும் வீட்டுக்காரர் எல்லாரும் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. முகவரிச் சான்று இல்லையே என்று அப்பிள்ளைகள் வாக்கையே கைவிடுகின்றனர். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை இரவு பகலாக மனப்பாடம் செய்பவர்கள், 326ஆம் பிரிவு தமக்கே தந்த உரிமையைத் துறந்து நிற்பதினும் பெரிய வேடிக்கை உண்டா?

உண்மையில் விதிகள் அவர்கள் அஞ்சும் அளவுக்குக் கடுமையானவை அல்ல. முகவரிச் சான்று எதுவும் இல்லாதபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து பார்த்து உறுதி செய்யலாம். வீடே இல்லாமல் நடைபாதையில் உறங்குவோர்க்குச் சான்று கேட்பதில்லை. அலுவலர் இரவில் சென்று, அவர் அங்கே உறங்குவதைக் கண்டு, பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுரை. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர், ஓராண்டுக்குக் குறையாத, அங்கீகாரம் பெற்ற படிப்பில் இருந்தால், பெற்றோரின் இல்ல முகவரி, விடுதி முகவரி ஆகிய இரண்டில் எதனை வேண்டுமானாலும் தெரிவு செய்யலாம். இரண்டிலும் சேர்தல் ஆகாது. பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. கதவு திறந்திருக்கின்றது, திறந்திருப்பதை யாரும் சொல்லவில்லை. இதுவே குறை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். வடநாட்டு அலுவலகங்களில் தமிழர் பெயர் படும் பாட்டை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே தலைப்பெழுத்து. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும். ஆதார் அட்டையில் அது விரிந்து பின்னால் போகும். கடவுச்சீட்டில் தந்தையே மகளின் குடும்பப் பெயராகிவிடுவார். யாழினியும் தமிழ்ச்செல்வியும் இந்தி எழுத்தில் யாரோ ஆகிவிடுகின்றனர். ஒரு தாளுக்கும் மற்றொரு தாளுக்கும் பெயர் ஒவ்வாதபோது விண்ணப்பம் தேங்குகின்றது. பதினாறு, பதினேழு வயதிலேயே பிள்ளையின் பெயரை எல்லாத் தாள்களிலும் ஒன்றாக்கி வைப்பது பெற்றோர் கடமை.

காலத்தடை ஒன்றும் முன்பு இருந்தது. ஜனவரி முதல் நாளில் பதினெட்டு நிறைந்திருந்தால்தான் அவ்வாண்டுப் பட்டியலில் சேரலாம். ஜனவரி மூன்றாம் நாள் பிறந்தவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும். இடையில் தேர்தல் வந்து போய்விட்டால் அடுத்ததற்கு ஐந்தாண்டு! பதினெட்டில் கிடைக்க வேண்டியது இருபத்துமூன்றில் கிடைக்கும். 2021ஆம் ஆண்டில் செய்த சட்டத் திருத்தம் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. 2022 ஆகஸ்டு முதல், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு திங்கள்களின் முதல் நாளும் தகுதி நாள்களாயின. பதினேழு வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். எத்தனை பெற்றோர்க்கு இது தெரியும்?

மூன்றாவதாக, மனத்தடை. இதனைச் சொல்லும்போது சிலர்க்குச் சற்றுக் கசக்கும், பொறுத்தருள வேண்டுகின்றேன்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு அரசியல் எதற்கு என்பது நம்மில் பலருடைய எண்ணம். இதற்கொரு நியாயமும் உண்டு. மொழி தெரியாத ஊருக்கு வந்தவர்கள், யாரோடும் பகைக்காமல் தலை தாழ்த்தி உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த அடக்கம் அவர்களைக் காத்தது. அதனை நான் இகழமாட்டேன். ஆனால் நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். இவ்வூர்த் தண்ணீரைக் குடித்து, இவ்வூர்ப் புகையைச் சுவாசித்து, இவ்வூர்ச் சாலையில் நடப்பவர்கள். குழாயில் நீர் வராத நாளில் குடம் தூக்குபவர்கள். இரவில் விளக்கெரியாத தெருவில் அஞ்சி நடப்பவர்கள் நம் பெண்கள். இவற்றைச் சீர்செய்யும் மாநகராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கும் உரிமையை அவர்களுக்கு மறுத்துவிட்டு, பக்கத்து வீட்டார் தேர்ந்தெடுத்தவரிடம் மனுக் கொடுக்கப் போகின்றோம். விருந்தினர் மனு கொடுப்பர், குடிமக்கள் வாக்களிப்பர். எத்தனை தலைமுறைக்கு நாம் விருந்தினராகவே இருப்பது?

கல்லூரியிலும் இதே மனத்தடைதான். மாணவர் பேரவைத் தேர்தலில் பணமும் முரட்டுத்தனமும் மிகுந்தபோது, உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த லிங்டோ குழு 2006ஆம் ஆண்டில் நெறிகளை வகுத்தது. வயது வரம்பு, எழுபத்தைந்து விழுக்காடு வருகை, ஒரு வேட்பாளர்க்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்படாத செலவு என்பன அவற்றுள் சில. தேர்தலைச் சீர்செய்து நடத்துங்கள் என்பதே அக்குழுவின் கருத்து. தேர்தலே வேண்டாம் என்று பல கல்வி நிலையங்கள் எளிய வழியைப் பிடித்தன. நீரில் இறங்காமல் நீச்சல் வருமா?

வாக்களிக்கப் பதினெட்டு, ஆனால் சட்டமன்றத்திற்கோ மக்களவைக்கோ போட்டியிட இருபத்தைந்து வேண்டும். இவ்வயதைக் குறைக்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று 2023ஆம் ஆண்டில் பரிந்துரை செய்தது. 2024ஆம் ஆண்டில் அமைந்த மக்களவையில் உறுப்பினரின் சராசரி வயது 56. நாற்பதும் அதற்குட்பட்டும் உள்ளோர் பத்தில் ஒருவர் அளவினரே. இளைஞர் நிறைந்த நாட்டை முதியோர் மன்றம் ஆள்கின்றது. தம் வயதினர் ஒருவரும் அமராத அவையை இளைஞர் தம் அவையாக எண்ணுவது எங்ஙனம்?

தலைநகரின் பெரிய மன்றத்தைக் குறை கூறிவிட்டு நம் சிறிய மன்றத்தைக் காணாமல் செல்வது நேர்மையாகாது. இன்று இப்பந்தலில் நாற்காலி போட்டவர் யார்? ஒலிபெருக்கி கட்டியவர் யார்? சிற்றுண்டி பரிமாறப் போகிறவர் யார்? எல்லாம் இளைஞர்கள். ஆனால் வெளிமாநிலங்களில் உள்ள நம் சங்கங்கள் பலவற்றில், பொதுக்குழுவில் வாக்கு குடும்பத் தலைவர்க்கே உண்டு; செயற்குழுவில் தலை நரைத்தவர்க்கே இடமுண்டு. உத்திரமேரூர்ச் சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்துக் கொடுத்தான். நம் இளைஞர் நாற்காலியை எடுத்துப் போடுகின்றனர். நாடு 1989ஆம் ஆண்டில் செய்ததை நம் சங்கம் இன்னும் ஏன் செய்யக்கூடாது? பதினெட்டு நிறைந்த ஒவ்வொருவர்க்கும் பொதுக்குழுவில் ஒரு வாக்கு. செயற்குழுவில் முப்பது வயதுக்குட்பட்டோர்க்கு இரண்டு இடம். கணக்குக் கேட்கவும், கருத்து மாறுபடவும், தோற்றால் மனங்கோணாமல் அடுத்த ஆண்டு மீண்டும் நிற்கவும் அவர்கள் இங்கே பழகட்டும். இவ்வேண்டுகோளைச் செயலாளர் அவர்கள் முன் பணிவோடு வைக்கின்றேன்.

இனி நாம் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். தேர்தல் ஆணையம் தோன்றிய நாளாகிய ஜனவரி 25ஐ 2011 முதல் தேசிய வாக்காளர் நாளாகக் கொண்டாடுகின்றனர். பொங்கல் முடிந்த பத்தாம் நாள் அளவில் அது வருகின்றது. நம் பொங்கல் விழாவிலேயே ஒரு மேசையைப் போட்டு, பதினேழு நிறைந்த பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுத உதவலாம். புதிதாகச் சேர்வோர்க்கு ஆறாம் படிவம். இடம் மாறியோர்க்கு எட்டாம் படிவம். ஐயம் எழுந்தால் 1950 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். தமிழ்ப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் பயிலும் மாணவர் பெயர்களை ஆசிரியர்கள் திரட்டித் தரலாம். ஒப்பந்தம் இன்றி அறையெடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு, அலுவலரிடம் பேசி வழிகாட்ட நம்முள் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் எத்தனையோ பேர் இருக்கின்றீர்கள். உங்கள் அனுபவத்திற்கு இதனினும் நல்ல பயன் வேறு யாது?

பெற்றோர்களே! பிள்ளையின் பெயரை எங்கே சேர்ப்பது என்பதை அப்பிள்ளையையே கேளுங்கள். ஊரிலா, இங்கா, விடுதியிலா என்று அவன் ஆராயட்டும். அவள் முடிவு செய்யட்டும். யார்க்கு வாக்களிப்பது என்பதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். உங்கள் கட்சிக்கு மாறாக அவர்கள் நின்றாலும் வருந்தாதீர்கள். சிந்திக்கத் தெரிந்த பிள்ளையை வளர்த்திருக்கின்றோம் என்று மகிழுங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒன்றே ஒன்று. உங்கள் பெயர் பட்டியலில் உள்ளதா என்பதை இன்றிரவு நீங்களே பாருங்கள். கையிலுள்ள கைப்பேசியில் ஐந்து நிமிட வேலை. இல்லையெனில் நாளையே விண்ணப்பம் கொடுங்கள். தேர்தல் அறிவித்த பின் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு முன் பிறந்தவர்கள் இருபத்தொன்று வரை காத்திருந்தார்கள். அவர்களுக்கும் முன் பிறந்தவர்கள் நிலமும் வரியும் இல்லாத குற்றத்திற்காக வாழ்நாள் முழுதும் வாக்கின்றியே மறைந்தார்கள். அவர்களுக்குக் கிட்டாத ஓலை உங்கள் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றது. அதில் பெயரை எழுத வேண்டியவர் நீங்களே.

 வாழ்க தமிழ்! வளர்க நம் குடியரசு!